ஒட்டிய இரண்டு விரல்கள்

ஜுமானாவைப் பற்றி இந்தத் தெருவில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். திறந்தால் என் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்; என் பெயரோ இங்கே பெரிய பெயர். அவளும் இப்போது இந்த ஊரில் இல்லை, அவள் மகளும் இல்லை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது, பல்லும் போய்விட்டது. இனி எவன் வந்து என்னை என்ன கிழித்துவிடப் போகிறான்? நானே சொல்கிறேன்.

நான் ஷம்மா, மருத்துவச்சி. பஸ்ராவின் கயிற்றுக் கால்வாய்க் கரையில் பிறந்த பிள்ளைகளில் பாதி என் கையில் விழுந்தவை. என் வீட்டுக்கும் ஹைஸமின் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். அங்கே தும்மினால் இங்கே நான் துஆ சொல்லலாம்.

ஹைஸம் பேரீச்ச நாரில் கப்பல் கயிறு திரித்து விற்றவர். அந்தக் கடையில் உட்கார்ந்துகொண்டே ஒரு புது வழியை உண்டாக்கி, அதற்கு இமாமும் ஆனார். பொய் சொன்னவன் மார்க்கத்தை விட்டு வெளியேறியவன் என்பதுதான் அந்த வழியின் முதலும் முடிவும். சின்னப் பொய், பெரிய பொய் என்ற பேச்சே கிடையாது. தெரிந்த உண்மையை மறைத்தாலும் பொய்தான். பொய் சொன்ன கணமே அவன் நிக்காஹ் முறிந்துபோகும், பெண்டாட்டி அந்நியப் பெண் ஆகிவிடுவாள். திரும்பி வர வேண்டுமானால் கூட்டத்தின் நடுவே நின்று, "நான் இன்ன பொய் சொன்னேன்" என்று உரக்கச் சொல்லி, மார்க்கத்தில் சேரும் கலிமாவை மறுபடி சொல்ல வேண்டும். அதன் பிறகு, பெண்டாட்டிக்கு இஷ்டம் இருந்தால், மணக்கொடையாகப் புது மஹர் கொடுத்துப் புது நிக்காஹ். ஊரில் எங்களை மெய்க்கூட்டம் என்றார்கள். முந்நூறு குடும்பம் இருந்தோம். நாங்கள் மீன் சந்தைக்குள் நுழைந்தால், "மெய்க்கூட்டம் வருதுடா, அழுகினதத் தனியா எடுத்து வை!" என்று கத்துவார்கள். கேலிதான். ஆனால் எங்களிடம்தான் வந்து கயிறு வாங்குவார்கள்.

அஹ்வாஸ் பக்கத்திலிருந்து படகில் வந்து இறங்கிய அடிமைக் கூட்டத்தில் ஜுமானாவை அவர் வாங்கியபோது அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். கயிறு திரிக்கத்தான் வாங்கினார். நார் உரித்து உரித்து உள்ளங்கை மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. வாய் மட்டும் சும்மா இருக்காது. ஹைஸமின் மனைவி உமைமா அவளை ஒருமுறை பிடித்துக்கொண்டாள்.

"ஏய், என் மூஞ்சி எப்படிடி இருக்கு? உண்மையச் சொல்லு."

"உண்மையச் சொன்னா நீங்க அடிப்பீங்க. பொய் சொன்னா அவரு அடிப்பாரு. ரொட்டி கருகுதும்மா, நான் போறேன்."

சுவருக்கு இந்தப் பக்கம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த வீட்டில் சிரிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சுபைத் கதையையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது புரியாது. சுபைத் எங்கள் கூட்டத்துக் கயிற்றுக்காரன், தங்கமான பையன். அவன் அண்ணன் கடலில் மூழ்கிச் செத்த சேதி வந்த அன்று அவன் தாய் சாகக் கிடந்தாள். "உன் அண்ணன் வந்துட்டானாடா?" என்று கேட்டாள். "வந்துக்கிட்டே இருக்கான்மா, கரையில இறங்கிட்டான்" என்றான். கிழவி நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தாள். மறுநாள் ஹைஸம் அவனை எழுப்பி நிறுத்தினார். "அது பொய்ன்னு சொல்லி, திரும்பி வா" என்றார். "எங்கம்மாவுக்குச் சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்" என்றான் சுபைத். அவ்வளவுதான். மாமனார் வந்து மகளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வருஷக்கணக்காக அவன் எங்கள் பள்ளிவாசல் வாசலில், செருப்பு கழற்றும் இடத்தில், நின்றுகொண்டிருப்பான். நான்கூட அவனுக்கு முகம் கொடுத்ததில்லை. இமாம் செய்தது சரிதான் என்று ரொட்டி தட்டிக்கொண்டே என் புருஷன் மக்லதிடம் சொன்னேன். என் நாக்கில் புழு விழ!

உமைமாவுக்குப் பிள்ளை தங்கவில்லை. நான்காவதும் செத்தே பிறந்தது. மூன்றாம் நாள் நான் அவள் வயிற்றுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஹைஸம் வாசல்படியில் வந்து நின்றார். உமைமா படுத்தபடியே கேட்டாள்.

"அந்த அடிமைப் பொண்ணத் தொட்டீங்களா?"

கல்யாணத்தின்போதே அவள் அப்பன் எழுதி வாங்கியிருந்தான்: வேறு பெண்ணைத் தொடக்கூடாது, தொட்டால் தலாக் உமைமாவின் கையில். கடையும் வீடும் அவள் கொண்டுவந்தவை.

"இல்ல" என்றார்.

ஒரே ஒரு சொல். என் கை எண்ணெயோடு அப்படியே நின்றுவிட்டது. அன்று காலையில்தான் ஜுமானா என் வீட்டுக் கொல்லையில் வாந்தி எடுத்திருந்தாள். யாரென்று கேட்டதற்கு, "வேற யாரு, உண்மைக்கே சொந்தக்காரருதான்" என்று சொல்லிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். நான் மறுபடி எண்ணெய் தேய்த்தேன்.

ஏழு மாதம் கழித்து, ஒரு நடுப்பகலில், நார் மூட்டைகளுக்கு நடுவே ஜுமானாவுக்குப் பெண் பிறந்தது. குழந்தையைக் கழுவும்போது காலைப் பார்த்தேன். வலது காலில் இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் நகம் வரை ஒட்டியிருந்தன. ஹைஸமின் வலது காலும் அப்படித்தான். ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் அவர் கைகால் கழுவி ஒளு செய்வதைப் பார்க்கிற முந்நூறு குடும்பத்துக்கும் அது தெரியும். "இமாமுக்குச் சொல்லும் செயலும் இப்படித்தான் ஒட்டியிருக்கு" என்று பெருமை பேசுகிறவர்கள்கூட உண்டு.

ஜுமானா அந்தக் காலைப் பார்த்துவிட்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள்.

"அக்கா, இனிமே அவரே நெனச்சாலும் இல்லன்னு சொல்ல முடியாதுல்ல? என் பொண்ணு விக்கிற பொருள் இல்லல்ல?"

எங்கள் சட்டம் அதுதான். எஜமான் "என் பிள்ளை" என்று சொல்லிவிட்டால் பிள்ளை பிறப்பிலேயே சுதந்திரம். தாயை அதன் பிறகு விற்க முடியாது; எஜமான் கண்மூடும் நாளில் அவளுக்கும் விடுதலை. சொல்லாவிட்டால் கன்றுக்குட்டிக்கும் அந்தப் பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லை. ஜுமானா வேறெதுவும் கேட்கவில்லை. குழந்தைக்கு துர்ரா என்று பெயர் வைத்தாள்.

புருஷன் இல்லாத அடிமை பிள்ளை பெற்றிருக்கிறாளே என்று கூட்டத்தில் பெரியவர்கள் ஹைஸமிடம் கேட்டார்கள். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "நாற்பது நாள் போகட்டும். காலடி பார்த்துத் தகப்பன் யாரென்று சொல்கிறவரைக் கூப்பிடுவோம். அவர் சொல்வது எனக்கும் சம்மதம்" என்றார். எவ்வளவு நேர்மை என்று எல்லோரும் தாடியைத் தடவிக்கொண்டார்கள். ஒரு பொய்க்கு மேல் சொல்ல அந்த மனிதனுக்கு மனம் வரவில்லை. அடுத்த பொய்யை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் உமைமா என் வீட்டுக்கு வந்தாள். மடியிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து என் முன்னால் வைத்தாள். முடி வழிக்கிற கத்தி.

"ஒரு கீறல்தான். ஒட்டினதப் பிரிச்சு விடு."

"பச்சப் புள்ளம்மா அது!"

"பச்சப் புள்ளைக்குச் சீக்கிரம் ஆறிடும். உனக்குத் தெரியாததா?"

"அவரு பொய் சொன்னது உங்களுக்கே தெரியும். அப்புறம் ஏன் அவரக் காப்பாத்துறீங்க?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவே இல்லை. "காப்பாத்துறேனா? அவரு பொய்ய நான் முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கேன், ஷம்மா. சாகற வரைக்கும் என் முன்னால தல நிமிர மாட்டாரு. ஊரே அவுத்துப் பாத்துட்டா எனக்கு என்ன மிச்சம்?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீயும் அன்னிக்கு அங்கதான் இருந்த. அவரு 'இல்ல'ன்னத கேட்ட. இவ வயித்தையும் பாத்த. வாய மூடிக்கிட்டு எண்ண தேச்ச. மறைச்சாலும் பொய்தான்னு உனக்கு யாரும் சொல்லலயா? உன் நிக்காஹ் ஏழு மாசமா முறிஞ்சு கெடக்கு. மக்லத் கிட்ட நான் சொல்லவா, நீ சொல்றியா?"

மக்லத் ஹைஸமைவிடக் கறாரான ஆள். என் மூன்று பிள்ளைகளையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஹைஸம் விழுந்தால் அவர் நடத்திவைத்த அத்தனை நிக்காஹும் என்ன ஆகும், அத்தனை பிள்ளைகளும் என்ன ஆவார்கள் என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் பசப்பு. பயம்தான். வேறு பெயர் வைக்க வேண்டாம்.

அன்று சாயங்காலத்துக்கு முன்பே போனேன். ஜுமானாவிடம், "ஒட்டுன விரலோட விட்டா புள்ள நடக்கும்போது விழும். இப்பவே பிரிச்சு விட்டாத்தான் நல்லது" என்றேன்.

அவள் ஒரு கணம் யோசித்தாள். "அந்த அடையாளம் போயிடுமேக்கா."

"அடையாளம் எதுக்கு? நான் பாத்திருக்கேன்ல? நான் சொல்வேன்ல?"

"நீங்க சொன்னாப் போதும்" என்றாள். குழந்தையின் காலை அவளே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நான் கீறினேன். குழந்தை வீறிட்டது. உப்பு வைத்துக் கட்டினேன். போகும்போது நாலு பேரீச்சம்பழத்தை என் கையில் திணித்தாள், கூலியாக.

நாற்பத்தோராம் நாள் பள்ளிவாசல் முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். காலடி பார்க்கும் ஹுமைஸ் பாலைவனத்து ஆள். மணலில் ஒட்டகத் தடம் பார்த்து, அது எவன் வீட்டு ஒட்டகம், எத்தனை நாள் பட்டினி என்று சொல்லிவிடுவார். ஆறு ஆண்களை வரிசையாகப் படுக்கவைத்து, முகத்தையும் உடம்பையும் போர்வையால் மூடி, கால் மட்டும் வெளியே தெரியும்படி விட்டார்கள். ஹைஸம் நான்காவது ஆள். நான் குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

ஹுமைஸ் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு காலாகத் தடவிக்கொண்டே போனார். "இது சோம்பேறிக் கால். இது பெண்டாட்டிகிட்ட உதை வாங்குற கால்." சிரிப்பு எழுந்தது. நான்காவது காலில் நின்றார். குழந்தையின் குதிகாலைத் தன் கட்டைவிரலால் அளந்தார். மறுபடி நான்காவது காலை அளந்தார். பிறகு குழந்தையின் விரல் இடுக்கை விரித்துப் பார்த்தார். சிரிப்பெல்லாம் நின்றுபோனது.

"குதிகால் ரெண்டும் ஒரே வார்ப்பு. ஆனா இங்க ஒரு தழும்பு இருக்கு. யாரு கத்தி வெச்சது?"

"அக்காதான்!" என்று ஜுமானா முந்திக்கொண்டாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. "மருத்துவச்சி அக்காதான் பிரிச்சு விட்டாங்க. பொறக்கும்போது ஒட்டியிருந்துச்சு. அவங்களக் கேளுங்க, அவங்க பாத்தாங்க."

என் புருஷன் மக்லத்தான் கேட்டார். "ஷம்மா, நம்ம கூட்டத்துல பொய் கெடையாது. அல்லாஹ்வ முன்னால வெச்சுச் சொல்லு. விரல் ஒட்டியிருந்துச்சா?"

உமைமா பெண்கள் பக்கம் உட்கார்ந்து தன் முந்தானை முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இல்ல" என்றேன். "தொப்புள்கொடி கால்ல சுத்தியிருந்துச்சு. அது அறுத்த தழும்பு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். சாப்பிட உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் இங்கே யாரும் எதையும் மறைக்க மாட்டார்கள் என்று நம்பினால், யானையையே மறைக்கலாம். ஒருவரும் என்னை இரண்டாம் முறை கேட்கவில்லை. நான் மெய்க்கூட்டத்துப் பெண். நான் சொன்னால் அது நடந்ததுதான்.

ஹுமைஸ் என்னை வெகுநேரம் பார்த்தார். "எனக்கு இதுல என்னமோ ஒட்டலம்மா. ஆனா பொறக்கும்போது கூட இருந்தவ நீ. கத்தி பட்ட காலுன்னா நான் ஒண்ணு சொல்வேன், கொடி அறுத்த காலுன்னா வேற சொல்வேன். என்னால தீர்ப்புச் சொல்ல முடியாது." செருப்பை மாட்டிக்கொண்டார். கூலி வேண்டாம் என்று போய்விட்டார்.

ஜுமானா கத்தவில்லை. "அக்கா" என்றாள். நான் குழந்தையின் காலைத் துணிக்குள் மூடினேன். மறுபடி, "அக்கா, நான்தானே காலப் புடிச்சேன்?" என்றாள். வாசலில், செருப்புகளுக்கு நடுவே, சுபைத் சிரித்தான். அவனை அடித்துத் துரத்தினார்கள்.

விரல் ஒட்டியிருந்தது என்று அவள் சொன்னதே எஜமான் மேல் அபாண்டம் ஆயிற்று; அதற்கு அடிமைக்கு நாற்பது கசையடி. ஹைஸம் முறை தவறாதவர். பால் கொடுக்கிறவள், பால் கட்டிவிடக்கூடாது, முதுகில் மட்டும் அடியுங்கள் என்று சொன்னார். எண்ணியது மக்லத். முடிந்ததும் அவளிடம் குழந்தையைக் கொடுக்க நான்தான் போனேன். வாங்கிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊர் நீதிபதியான காழியிடம் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அடிமை எஜமானின் அனுமதி இல்லாமல் வாசல் தாண்டினால் ஓடிப்போனவள் என்பார்கள். போயிருந்தாலும் அங்கேயும் மருத்துவச்சியைத்தான் கேட்டிருப்பார்கள்.

சின்னப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்பது பாவம் என்பது ஹைஸமின் போதனை. ஏழு வயது ஆகட்டும் என்றார். அதனால் ஜுமானா இன்னும் ஏழு வருஷம் சுவருக்கு அந்தப் பக்கமே கயிறு திரித்தாள். பகல் முழுவதும் நார் கிழிபடும் சத்தம் கேட்கும், சிரிப்பு கேட்காது. தெருவில் எதிர்ப்பட்டால் எனக்கு வழி விட்டு ஒதுங்கி நிற்பாள். ஏழு வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துர்ராவின் விரல்கள் நான் கீறிய இடத்தில் உள்பக்கமாகக் கோணி வளர்ந்தன. லேசாக விந்தி நடப்பாள். இழுத்து வைக்கும் அந்த அடி சுவர் வழியாக எனக்குக் கேட்கும், காலையிலிருந்து இருட்டும் வரை. அந்த ஏழு வருஷமும் என் வாக்குத்தான் கூட்டத்தில் கடைசி வாக்கு. பாகப் பிரிவினையா, புருஷன் பெண்டாட்டி சண்டையா, "ஷம்மாவைக் கேளுங்கள்" என்பார்கள்.

துர்ராவுக்கு ஏழு வயது முடிந்த அன்றே ஹைஸம் ஜுமானாவை விற்றார். ஒருநாள் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஓமானுக்குப் போகும் கப்பல்காரன் வாங்கினான். குழந்தையை உமைமா வைத்துக்கொண்டாள், நார் உரிக்க. கால்வாய்க் கரையில் படகில் ஏற்றும்போது ஜுமானா என்னைப் பார்த்துவிட்டாள். நேராக என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"அவளுக்கு வலது செருப்பு உள்பக்கமாத் தேயும்" என்றாள். "அப்பப்பத் தச்சுக் குடுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். படகில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு வாரம் இருக்கும். சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொல்லும் நேரம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு துர்ரா என் வாசலில் வந்து நின்றாள். வாங்கித் தைக்க உட்கார்ந்தேன். அவள் என் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து வலது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"என் விரல் ஒட்டியிருந்துச்சாம், நீங்கதான் வெட்டினீங்களாம். உம்மா சொன்னா. இமாம்தான் என் வாப்பாவாம். யார்கிட்டயும் சொல்லாதன்னா. நெசமா மாமி?"

பின்கட்டில் மக்லத் ஒளு செய்துகொண்டிருந்தார். தண்ணீர் விழும் சத்தம் நின்றிருந்தது. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சத்தியமாக எடுத்தேன்.

"இல்லம்மா" என்றேன். "கொடி அறுத்த தழும்பு அது."

துர்ரா தன் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று. நான் சொன்னதைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"அப்ப உம்மா பொய் சொல்லிட்டாளா?"

 நூலைக் கடித்து அறுத்தேன்.

"தினமும் அஸர் தொழுதுட்டு உம்மா கப்பல் முங்கக்கூடாதுன்னு துஆ கேக்குறேன் மாமி. பொய் சொன்னவங்களுக்கு துஆ கேக்கக் கூடாதுன்னு இமாம் சொல்லியிருக்காருல்ல?"

பின்கட்டிலிருந்து மக்லத் சொன்னார்: "கேக்கக் கூடாதும்மா."

துர்ரா தைத்த செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். அன்று அஸரில் பெண்கள் வரிசையில் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். தொழுகை முடிந்தது. எல்லோரும் துஆ கேட்கக் கை ஏந்தினார்கள், நானும் ஏந்தினேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்து, ஒன்றை ஒன்றால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.